பெயரும் முகவரியும் சரியாக இருந்தன

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தேடல் சர்வரை மாற்றுகிறார்களாம். இனிமேல் ராஜபாளையத்தில் பெட்டி எதுவும் இருக்காது, எங்கோ கண்காணாத இடத்தில் வாடகைக்கு எடுத்த இயந்திரங்களில் எல்லாம் ஓடுமாம். மூன்று இயந்திரங்களைக் கிளப்பியிருக்கிறார்கள். ஒன்று மற்றொன்றைக் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது.

"பேரெல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி, நல்லா பாத்துட்டோம்" என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பேர் சரியாக இருக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால் வம்பு அங்கேதான் குடியிருக்கும் என்பது என் சர்வீசில் நான் கண்டது. அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சந்தேகப் பேர்வழி. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அந்தத் தண்ணீர் எந்தக் குழாயில் பிடித்தது என்றும் கேட்கிற ஆள் என்று என் மனைவி சொல்வாள். ஐடிஐயில் எலெக்ட்ரிகல் படித்துவிட்டு, சோழபுரம் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைத் தொட எல்லோரும் பயந்தார்கள். ஷாக் அடித்தால் தாங்குவான் என்று என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். அப்படியே சர்வர்காரன் ஆகிவிட்டேன். பயிற்சி என்று பார்த்தால் அவ்வளவுதான்.

பிறகு ராஜபாளையத்திலேயே ஒரு கம்பெனிக்கு மாறினேன். நூற்பாலைகளுக்கு உதிரி பாகம் தேடிக் கொடுப்பது அதன் தொழில். எங்கேயோ ஒரு மில்லில் ஒரு பேரிங் உடைந்து மெஷின் நின்றுவிடும். அந்த மில்காரர் எங்கள் வலைத்தளத்தில் அதன் எண்ணைத் தட்டினால், யாரிடம் அது இருக்கிறது, அதற்குப் பதில் வேறு எது பொருந்தும் என்று கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளை. பழைய கேட்டலாக்குகளை ஸ்கேன் செய்து ஏற்றுவது அவர்கள் வேலை. தேடிக் கொடுப்பது ராஜபாளையம் சர்வர் அறையில் இருந்த இரண்டு பெட்டிகள்.

அந்த இரண்டுக்கும் பெரியவன், சின்னவன் என்று பெயர். சரக்கை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு, அண்ணன் தம்பி போல ஒன்றாக உழைப்பார்கள். கிளம்பும்போது ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பேருக்குரியவன் பதில் கொடுத்து, இருவரும் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள்தான் என்று ஒத்துக்கொண்டால்தான் கடை திறக்கும். இல்லாவிட்டால் பெரியவன் கூப்பிட்டுக்கொண்டே நிற்பான், ஒரு வேலையும் நடக்காது. இதற்கு மேல் எந்த நுணுக்கமும் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் மேனேஜர் அழகர் ராஜா சார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நீங்கள் எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "சரி, பொறவு?" என்பார். அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு விஷயத்தை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்பார். மூன்று பதிலும் ஒத்துப்போனால், "இவனுக பேசி வச்சிருக்கானுக" என்பார். ஒத்துப்போகாவிட்டால், "எவனோ பொய் சொல்லுதான்" என்பார். என்னைவிடச் சந்தேகக்காரர். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் முற்றினால் மட்டும் ஆபீசில் ஒரு "ஏமய்யா" வெளியே வரும்.

சின்னவன் ஒருநாள் செத்துப்போனான். இடி மின்னலில் கருகிவிட்டான். பெரியவனிடமும் காப்பு நகலிலும் இருந்ததை வைத்து, புதிதாக ஒரு பெட்டி வாங்கி நிரப்பினோம். அதற்கு என்ன பேர் வைப்பது என்ற பேச்சு வந்தது. புதுப் பேர் வைப்போம் என்றேன்.

"ஏன், செத்தவரு பேரத்தானே பிள்ளைக்கு வைப்போம்? எங்க வீட்ல தாத்தா பேரு மூணு பேரனுக்கு இருக்கு" என்றார் ராஜா சார்.

"மூணு பேரும் ஒரே நேரத்துல திரும்பிப் பாப்பாங்களே சார்."

"சரி, பொறவு?"

பொறவு என்ன, பழைய பேரும், நெட்வொர்க்கில் அதைக் கண்டுபிடிக்கும் பழைய முகவரியும் அப்படியே புதுப் பெட்டிக்குப் போயின. செத்த பெட்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் மறுக்கவும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மில் ஊரில் ஆயுத பூஜையன்று இயந்திரம் ஓடக் கூடாது. எங்கள் முதலாளி மில் குடும்பத்திலிருந்து வந்தவர். சர்வரும் இயந்திரம்தானே, அதற்கும் ஒருநாள் ஓய்வு வேண்டாமா என்பார். வெளியூரில் இந்தத் தொழில் செய்கிறவர்களிடம் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார்கள். சர்வர் என்பது நிற்கவே கூடாத ஜீவன். நாங்கள் வருஷத்துக்கு ஒருமுறை இரண்டையும் முறைப்படி அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துக் கிளப்புவோம். வாடிக்கையாளர் மில்களும் அன்றைக்கு மூடித்தான் கிடக்கும் என்பதால் யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் விஜயதசமியன்று பெட்டிகளைக் கிளப்பிவிட்டு வந்து உட்கார்ந்தோம். வலைத்தளம் திறந்தது. ஒரு பேரிங் எண்ணைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. இன்னொன்று. ஒன்றும் இல்லை. ராஜா சார் அவருடைய திரையில் நிலவரத்தைப் பார்த்தார். பெரியவன் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு காத்து நின்றான். சின்னவன் ஆரோக்கியமாக, பச்சை விளக்கோடு, பேர் சரி, முகவரி சரி, ஓடிக்கொண்டிருந்தான். வயிறு மட்டும் காலி. ஒரு கேட்டலாக் பக்கம்கூட உள்ளே இல்லை.

ராஜா சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கடைசியா யாரு இதுல கை வச்சது?"

 அறையில் எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் போனது. முத்துமாரி அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

முத்துமாரி எனக்கு அடுத்த இடத்தில் வேலை பார்த்தவள். மகாராஜபுரத்துப் பெண், அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு எழுதித் தேறியிருந்தாள். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்து, கடைசி வாரம் வந்துகொண்டிருந்தாள். அவளைப் பற்றி விசாரிக்கப் போலீசார் ஊருக்கு வர வேண்டியது பாக்கி. அந்த நேரத்தில் அவள் பேரில் ஒரு புகார் ஸ்டேஷனில் பதிவானால், காக்கிச் சட்டையை அவள் கனவில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பூஜைக்கு முந்தின நாள் சர்வர்களை அணைத்தது அவள். காப்பு நகல் எடுத்து வைக்கிறவளும் அவள். போகிற ஆள். சம்பள உயர்வு விஷயத்தில் ராஜா சாரோடு அவளுக்கு மனத்தாங்கல் உண்டு. சந்தேகப்படுவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"ஏமய்யா குருசாமி, மத்தியானம் முதலாளி வாராரு. அதுக்குள்ள இது யாரு செஞ்சான்னு தெரியணும். இல்லேன்னா நான் ஸ்டேஷனுக்குப் போறதைத் தவிர வேற வழியில்ல" என்றார் ராஜா சார் என்னிடம்.

முத்துமாரியின் செல்போனை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார். மீட்டிங் அறையில் அவளை உட்காரச் சொன்னார். பிறகு தன் வழக்கப்படி மூன்று பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் எப்போது கிளம்பினாள், கோபமாக இருந்தாளா, பையில் ஏதாவது கொண்டுபோனாளா என்றெல்லாம். மூன்றாவது ஆள் நான்.

"காப்பு நகல்ல இருந்து ஏத்திப் பாப்போமா சார்?" என்றேன்.

"அதை எடுத்தது யாரு? அதுலயும் என்ன இருக்கோ. ஏத்தப் போயி இருக்கிற தடயத்தையும் அழிச்சிராத."

அவளை நான் முழுசாக நம்பினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது உண்மையில்லை. எனக்கு அவள் மேலும் சந்தேகம் இருந்தது. ராஜா சார் மேலும் இருந்தது. ஆனால் சந்தேகத்தில் நான் ஓரவஞ்சனை செய்கிறவன் இல்லை. மனிதர்களைச் சந்தேகப்படுகிற அளவுக்குப் பெட்டியையும் சந்தேகப்படுவேன். அங்கே எல்லோரும் அவளைச் சந்தேகப்பட்டார்கள், பச்சை விளக்கை ஒருவரும் சந்தேகப்படவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

மீட்டிங் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அழவில்லை. முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பக்கம் போனபோது கதவைக் கொஞ்சம் திறந்து, "அண்ணாச்சி, அப்பாகிட்ட மட்டும் போன் போட வேண்டாம்னு சொல்லுங்க. அவிய தாங்க மாட்டாவ" என்றாள்.  அவள் கண்ணைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டேன்.

இடத்துக்கு வந்து, என் திரையிலிருந்தே சின்னவனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வந்தது. ஆனால் இழுத்து இழுத்து வந்தது. பெரியவனைக் கூப்பிட்டேன், பட்டென்று வந்தது. மறுபடி சின்னவன், மறுபடி இழுவை. இரண்டும் பக்கத்து அறையில் அடுத்தடுத்து இருக்கிற பெட்டிகள். அடுத்த அறையில் இருக்கிறவன் "என்ன" என்று கேட்க இவ்வளவு நேரம் எதற்கு? வயிறு காலியாக இருக்கிறவன் இன்னும் சுறுசுறுப்பாக அல்லவா பேச வேண்டும்?

அந்த மாதிரிப் பெட்டிகளில் அப்போதும் சிடி போடும் தட்டு ஒன்று இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கட்டளை அனுப்பினால் தட்டு வெளியே வரும். ஒரே மாதிரிப் பத்துப் பெட்டி நிற்கிற இடத்தில் எது எது என்று கண்டுபிடிக்க நாங்கள் செய்கிற வேலை அது. சின்னவனுக்கு அந்தக் கட்டளையைக் கொடுத்தேன். செய்துவிட்டேன் என்று பதில் வந்தது. ராஜா சாரைக் கூப்பிட்டுக்கொண்டு சர்வர் அறைக்குள் போனேன்.

சின்னவன் நெற்றியில் சந்தனப் பொட்டோடு, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

"என்ன பாக்கணும்?" என்றார் ராஜா சார்.

"சார், இவன் வாயைத் திறந்திருக்கணும். திறந்துட்டேன்னு சொல்லுதான். திறக்கல."

"கெட்டுப் போயிருக்கும்."

"இருக்கலாம். இல்லேன்னா, நாம இம்புட்டு நேரமும் பேசிக்கிட்டிருக்கிறது இவன்கூட இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, பொறவு?" என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அப்போது என் போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையைப் பார்த்துக்கொள்ளும் சங்கரபாண்டி. வன்னியம்பட்டிக்காரன். நல்ல உழைப்பாளி, பக்தி கொஞ்சம் தூக்கல். ஸ்பீக்கரில் போட்டேன். மூச்சு வாங்கியபடி பேசினான்.

"அண்ணாச்சி, இங்க ஒரு பெட்டி தானா வாயப் பொளக்குது! முன்னால வச்சிருந்த பொரித்தட்ட அப்படியே தள்ளிவிட்டுருச்சு. பொரி, கடலை, எலுமிச்சம்பழம் எல்லாம் தரையில கெடக்கு. ஒரு ஆளு பக்கத்துல இல்ல அண்ணாச்சி. பூஜையில ஏதும் குறை வச்சிட்டோமா?"

"ஏலே, எந்தப் பெட்டி?"

"பழசு ஒண்ணு ஓரமா கெடந்துச்சுல்லா? மின்னல்ல போனது. ராஜா சார்தான் குடுத்தாரு, மதுரைக்கு அனுப்பி ரிப்பேர் பாத்து வாங்கி வச்சேன், ஒரு அவசரத்துக்கு ஆகுமேன்னு."

ராஜா சார் என் பக்கம் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை எதுக்குலே இன்னைக்குப் போட்ட?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய? விஜயதசமிக்கு எல்லாத்தையும் ஒரு சுத்து ஓட்டிறணும்லா. ஓடாத பிரிண்டரக்கூட சும்மா ஸ்விட்ச் தட்டி நிறுத்தினேன். ஒண்ண மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்? காலையிலயே நல்ல நேரத்துல போட்டுட்டேன்."

"முன்னால ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பாரு. என்ன பேரு?"

"சந்தனம் அப்பியிருக்கு."

"வழிச்சுப் பாருலே."

 துணியால் தேய்க்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

"சின்னவன்னு இருக்கு அண்ணாச்சி."

நடந்தது இவ்வளவுதான். மதுரைக் கடைக்காரர் ஸ்டிக்கரில் இருந்த பேரையும் முகவரியையுமே பெட்டிக்கு மறுபடி கொடுத்து, தனியாக ஓடும்படி அமைத்து, சோதித்து அனுப்பியிருக்கிறார். ஹார்ட் டிஸ்க் புதுசு, உள்ளே ஒன்றும் கிடையாது. இரண்டு ஊர் ஆபீசும் ஒரே லைனில் இணைந்திருந்தன. சங்கரபாண்டி முந்திக்கொண்டு நல்ல நேரத்தில் அதைக் கிளப்பினான். அது தம்பியின் பேரையும் முகவரியையும் எடுத்துக்கொண்டு, தானே தலைவன் தானே குழு என்று உட்கார்ந்துவிட்டது. எங்கள் சின்னவன் பிறகு கிளம்பி, தன் பேரில் ஏற்கனவே ஒருவன் இருக்கிறான் என்று கண்டதும் நெட்வொர்க்கை விட்டு ஒதுங்கி நின்றுவிட்டான். பெரியவன் கூப்பிட்டபோது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெட்டி, அதாவது வேறு குழுக்காரன், பதில் சொல்ல, பெரியவன் சேர மறுத்திருக்கிறான். அன்றைக்கு அந்த ஆபீசில் ஒழுங்காகச் சந்தேகப்பட்டவன் பெரியவன் ஒருவன்தான்.

சர்வர் அறைப் பெட்டிகளுக்குத் திரை கிடையாது. எல்லாம் அவரவர் மேஜையிலிருந்தே பார்த்துப் பழகிவிட்டோம். ஒரு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் சின்னவனில் மாட்டினேன். முகவரி வேறொருவரிடம் இருக்கிறது என்று எழுதிவைத்துக்கொண்டு நின்றான். உள்ளே திறந்து பார்த்தால், சரக்கு அத்தனையும் அப்படியே இருந்தது. ஒரு பக்கம் குறையவில்லை.

சங்கரபாண்டியைப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். "பூஜை போட்ட அன்னைக்கே நிறுத்தலாமா அண்ணாச்சி?" என்றான். நிறுத்தியதும் எங்கள் சின்னவனை மறுபடி கிளப்பினோம். பெரியவன் கூப்பிட்டான், இவன் பட்டென்று பதில் கொடுத்தான். வலைத்தளத்தில் அதே பேரிங் எண்ணைத் தட்டினேன். வரிசையாக வந்து விழுந்தது.

ராஜா சார் அதைப் பார்த்தார். பிறகு அவளுடைய செல்போனை எடுத்துக்கொண்டு மீட்டிங் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"எல்லாம் சரியாயிருச்சும்மா. பழைய பெட்டி ஒண்ணு பண்ணின கோளாறு. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாத" என்றார்.

முத்துமாரி போனை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.  

"சார், மூணு பேரக் கூப்பிட்டு என்னையப் பத்திக் கேட்டீங்க. கண்ணாடி வழியா பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நாலாவதா என்னையக் கூப்பிட்டு, நீ செஞ்சியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"சரி, பொறவு?" என்று சொல்லத் தெரிந்த மனிதருக்கு அன்று அது வாயில் வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை.  அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவர் அந்த இரண்டு சொல்லைச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. செத்த பெட்டியின் பேரை யாருக்கும் வைக்கக் கூடாது என்று மட்டும் ஒரு வழக்கம் வந்தது. கிளப்பும்போது ஒருவர் பெட்டி முன்னால் போய் நின்று, விரலால் தொட்டு, பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதை நான் சேர்த்தேன். போன மாதம் போன் செய்த பெண் இதைக் கேட்டுச் சிரித்தாள். "வாடகைப் பெட்டிய எங்க போயி தொடுறது அண்ணாச்சி?" என்றாள். அதுதான் எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன்.

முத்துமாரி அந்த வாரமே போய்விட்டாள். நல்லபடியாக விசாரணை முடிந்து, பயிற்சிக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு வெகுகாலம் நான் அவளைப் பார்க்கவில்லை.

போன வருஷம் மகனைப் பார்க்க வெளிநாடு போகலாம் என்று பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். போனால், தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு மேஜைக்குப் பின்னால் முத்துமாரி உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அந்த நிமிர்ந்த முதுகு மாறவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என்னம்மா, நல்லா இருக்கியா?" என்றேன்.

"உக்காருங்க" என்றாள். சிரிக்கவில்லை. "பேரு?"

"குருசாமி." இவளுக்குத் தெரியாதா என்ன?

"அப்பா பேரு? இருக்கிற வீடு சொந்தமா, வாடகையா? உங்க மேல கேஸ் ஏதும் உண்டா?"

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஒவ்வொன்றையும் என் அட்டைகளோடு ஒப்பிட்டாள். போட்டோவைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி போட்டோவைப் பார்த்தாள். எனக்கு லேசாக வருத்தம்கூட வந்தது. என்ன இருந்தாலும் அடுத்த மேஜைக்காரன் இல்லையா?

"முத்துமாரி, என் பேரும் முகவரியும் உனக்குத் தெரியாததா?"

அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பேரு சரி, முகவரி சரி. அதை வச்சே முடிச்சிட்டா எப்படி அண்ணாச்சி? உங்க தெருவுல மூணு வீட்ல விசாரிச்சாச்சு. எல்லாரும் நல்லவருன்னுதான் சொன்னாவ." என் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினாள். "இருந்தாலும் ஆளக் கூப்பிட்டு நேர்ல கேக்காம நான் எழுத மாட்டேன். யாரு பேர்லயும்."